முதல் வகுப்பு இலவசம்

முதல் வகுப்பு இலவசம் என்று எழுதியிருந்தது.
இந்த ஊரில் முதல் வகுப்பென்றால்
சிவப்பும் மஞ்சளுமாய்ப் பட்டை போட்ட பெட்டி.
பதினோரு வருடத்தில் ஒரே ஒருமுறை
தவறி ஏறி, குர்லாவில் இறங்கி
அபராதம் கட்டியிருக்கிறேன்.
அதனால் இலவசம் என்றதும்
கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படியேறினேன்.

படி இல்லை, லிஃப்ட்.
பவாயில் பதினான்காவது மாடி.
கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஏரி
யாரோ துடைத்து வைத்ததுபோல் கிடந்தது.
தன்வி என்கிற பெண்
விமானத்தில் பெல்ட் போடச் சொல்லும் குரலில்
"மூச்சை முழங்காலுக்கு அனுப்புங்கள்" என்றாள்.
என் மூச்சு
துணையில்லாமல் அத்தனை தூரம் போய்ப் பழகியதில்லை.
மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு.
செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன்.

விக்ரோலியில் ஒரு ஜிம்மின் அடித்தளம்.
முப்பத்திரண்டு பாய்கள், ஈரத் துணிபோல் ஒன்றையொன்று ஒட்டி.
எல்லோரும் காலை நீட்டியபோது
ஒருத்தியின் குதிகால் என் காதோடு ஏதோ சொன்னது.
இதற்கு லேடீஸ் பெட்டியே தேவலை;
அங்கே யாரும்
ஆழமாக இழுத்து விடச் சொல்வதில்லை.

பூங்காவில் காசே வேண்டாம், சிரித்தால் போதும்.
காலை ஆறு மணிக்குக் கையைத் தூக்கி
ஹா ஹா என்று சிரித்தார்கள்.
எங்கள் சாலில் தண்ணீர் வருவது
ஐந்தே முக்காலிலிருந்து ஆறரை வரை.
சிரிப்பதா, குடம் நிரப்புவதா?

மஸ்ஜித் பந்தரில் சரக்குக் கணக்கு எழுதி எழுதி
இடுப்பில் நான்காவதும் ஐந்தாவதும்
பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கின்றன.
"யோகா செய்யுங்கள், இல்லாவிட்டால் என்னிடம் வருவீர்கள்"
என்று டாக்டர் அன்பாகத்தான் மிரட்டினார்.

கடைசியில் பாண்டுப்பிலேயே,
தண்டவாளத்தை ஒட்டிய முனிசிபல் பள்ளிக்கூடம்.
இரண்டாம் வகுப்பு பி பிரிவு.
பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு ஒன்பது பேர்.
வந்தனா காய்க்வாட் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவராம்.
"விடு, விடு, இன்னும் கொஞ்சம்தான், அவ்வளவுதான்,
வந்துவிட்டது" என்பார்,
வெறும் மூச்சுக்கு.
எக், தோன், தீன் என்று அவர் எண்ண
என் முதுகு தமிழில் எண்ணிக்கொண்டு
ஓர் எண் பின்னாலேயே வந்து சேரும்.

பிறகு சவாசனம்.
மல்லாந்து படு, கையை விரி.
விரித்தேன்.
எதிலும் படவில்லை.
வீட்டில் ஒரே அறையில் ஆறு பேர்;
ஒருவர் புரண்டால் நான்கு பேர் புரள வேண்டும்.
நான் பதினோரு வருடமாக
ஒருக்களித்தே தூங்குகிறவள் என்பது
அங்கே, சிமென்ட் தரையில்தான் தெரிந்தது.
கரும்பலகையில்
9 × 7 =
யாரோ விடை எழுதாமல் போயிருந்தார்கள்.

அப்போது தரை அதிர்ந்தது.
எட்டு பதினாலு, ஸ்லோ.
என் வண்டி.
ஷப்னம் மடியில் பட்டாணி உரித்தபடி
எனக்காக நான்காவது சீட்டைப்
பிடித்து வைத்திருப்பாள்; பாவம்.
எழுந்து ஓடவேண்டும் என்று கால் நினைத்தது.
நான் நினைக்கவில்லை.
என் முதுகெலும்பின் கணு ஒவ்வொன்றையும்
தடதடவென்று எண்ணிக்கொண்டே
என்னை ஏற்றாமல்
அது போயிற்று.

"சத்தம்தான் இங்கே பிரச்சினை,
அதனால்தான் அறுநூறு ரூபாய்" என்றார் காய்க்வாட்,
ஏதோ தன் பிள்ளை செய்த தவறுபோல.
அந்தச் சத்தத்துக்காகத்தான்
சேருகிறேன் என்று சொல்லவில்லை.
சொன்னால் கட்டணம் கூடலாம்.

ரசீதில் பூங்கோதை
புன்கோடாய் ஆகியிருந்தாள்.
திருத்தவில்லை.
இவ்வளவு நேரம் பிணமாய்க் கிடந்தவளுக்கு
எழுத்துப்பிழை என்ன.

எட்டு ஐம்பத்திரண்டில்
தொங்கிக்கொண்டுதான் போனேன்.
அறுபத்து மூன்று என்று
காட்கோபரில் ஞாபகம் வந்தது.